புகை வந்தால் கரண்ட் வரும்

பிரிட்ஜ் ஒரு தடவை உடம்பை உதறிக்கொண்டு நின்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, கரண்ட் போய்விட்டது, இன்றைக்குப் போகவே போகாது என்று ஆலை மேனேஜர் சிவசைலம் சொன்ன கரண்ட், நாளை இரண்டு மணி வரைக்கும் நான் பொறுப்பும்மா என்று நேற்று வாசலில் நின்று மார்பில் கை வைத்துச் சொன்னாரே அந்தக் கரண்ட், அந்த மார்பு, அந்தக் கை, பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று எழுதாது, அழகுக்கு வைத்திருக்கிறார். காற்று அவருக்குக் கீழே வேலை செய்யவில்லை போலிருக்கிறது. மேலே காட்டுக்குள் எங்கேயோ ஒரு கிளை உரசியிருக்கும். எங்கள் ஊருக்கு ஒற்றைக் கம்பிதான் வருகிறது, மலையேறி மரத்துக்கு மரம் பயந்து பயந்து வருகிற கம்பி, குரங்கு உட்கார்ந்தால்கூட உயிரை விட்டுவிடும். அதற்காகத்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் கறுப்பெண்ணெய் ஊற்றி ஓட்டுகிற கரண்ட் ஆலையைக் கொண்டுவந்தார்கள். கம்பி செத்தால் அது எழுந்திருக்கும், கம்பி பிழைத்தால் படுத்துக்கொள்ளும். நல்லதுதான். ஆனால் எங்கே வைத்தார்கள்? ஊரோ கிண்ணம் மாதிரி, நாலு பக்கமும் மலை, அந்தக் கிண்ணத்தின் நட்ட நடு அடியில் வைத்தார்கள். படம் போட்டு, கோல் வைத்து அளந்து, கோட்டுப் போட்டவர்கள் வைத்தது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எட்டாவது படித்தவள்கூடப் பாத்திரத்துக்கு உள்ளே விறகை வைத்து எரிக்கமாட்டாள். சரி, யாரையும் ஏசாதே மதலேன், தவக்காலம், வெள்ளிக்கிழமை, ஒருசந்தி நோன்பு வேறு. ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். கம்பிக் கரண்ட் போனதிலிருந்து ஆலைக் கரண்ட் வருகிற வரைக்கும் எனக்கு ஜெபமாலையில் நாலு பத்து, பத்துக்கு ஒன்றாக நாலு இரகசியம். ஐந்தாவதை எப்போதும் விளக்கு வெளிச்சத்தில்தான் சொல்லி முடிப்பேன். கடிகாரம் பார்த்தவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிஷம் என்கிறார்கள். எனக்கு நாலு இரகசியம்.

மாடிப்படி ஏறும்போதே முதல் பத்தைத் தொடங்கிவிட்டேன், துக்க தேவ இரகசியம், பூங்காவனத்தில் ஆண்டவருக்கு இரத்தம் வியர்த்தது, எனக்கு முழங்காலுக்குப் பின்னால் வியர்க்கிறது. கோயில் துணி மாடியில் காய்கிறது. பீட விரிப்பு இரண்டு, பூசைப் பாத்திரம் துடைக்கிற சின்னத் துணி ஒன்பது. புகை கிளம்புவதற்குள் எடுத்துவிட வேண்டும். இந்தத் துணியை அலசுகிற முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது, அப்பத்தின் துணுக்கு ஒட்டியிருக்கலாம், கால் படாத மண்ணில் ஊற்ற வேண்டும் என்று மடத்து மதர் சொல்லிக்கொடுத்தார்கள், இருபத்திரண்டு வருஷமாக ரோஜாச் செடிக்கு அடியில்தான் ஊற்றுகிறேன். கண்ணுக்குத் தெரியாத துணுக்குக்கு அவ்வளவு மரியாதை. கண்ணுக்குத் தெரிகிற கரித்துணுக்கு மேலேயிருந்து விழுகிறதே, அதற்கு? அதற்குச் சோப்பு. வருஷத்துக்கு ஒரு நாள், கிறிஸ்மசுக்கும் பொங்கலுக்கும் நடுவில் எங்களுக்கும் பொங்கல் வைக்கிறவர்களுக்கும் பொதுவாக ஒரு நாள் பார்த்து, ஆலையின் வேன் வரும். வீட்டுக்கு ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே எட்டுத் துணிசோப்பு, ஒரு புட்டி சொட்டு நீலம். கரியைக் கொட்டுகிறவனே நீலமும் கொடுக்கிறான், நாங்கள் வரிசையில் நின்று வாங்குகிறோம். போன வருஷம் பக்கத்து வீட்டுக் கமலவேணி, எங்க பெட்டியில நீலம் இல்லை, எங்க பெட்டியில நீலம் இல்லை என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேனைத் துரத்தினாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், என் பெட்டியில் நீலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சிரித்தேன். அந்தச் சோப்பைப் போட்டே ஆண்டவரின் துணியைத் துவைத்தேன். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னேன். சாமி, எனக்கு மனுஷர்மேல் இளக்காரம் வருகிறது என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் பங்குச்சாமி சிரித்துவிட்டார். “உங்களுக்கா மதலேனம்மா? போங்க, போய் மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க.” முகம் சாந்தமாக இருந்தால் உள்ளே ஒன்றும் ஓடாது என்று சாமிக்கும் நினைப்பு. அப்போதே அவர்மேலும் வந்தது, முழங்காலில் இருக்கும்போதே, சிலுவை போடுவதற்குள்ளேயே.

மெஷின் நின்றிருந்தது. நிற்கும் என்று தெரியும், இருந்தாலும் ஏறினதும் அதைத்தான் பார்த்தேன், துணியைப் பார்க்கவில்லை. தகரப்பெட்டி, தலைக்கு மேல் குல்லா, நேற்று இரண்டு மணியிலிருந்து உறுமிக்கொண்டே இருந்தது, ராத்திரி முழுக்க மாடியில் யாரோ படுத்துக் குறட்டை விடுகிற மாதிரி. ஆலைக்காரர்கள் இன்னும் பத்து வருஷம் ஓட்ட அனுமதி கேட்டிருக்கிறார்களாம், கொடுப்பதற்கு முன்னால் ஊர்க்காற்றில் எவ்வளவு கரி என்று பார்க்க வேண்டுமாம், தெருவில் உயரமான மாடி என்னுடையது, அதனால் காற்றைச் சோதிக்கிற ஆபீஸிலிருந்து துரைக்கண்ணு சார் இங்கே கொண்டுவந்து வைத்தார். ஒரு முழு நாள் ஓட வேண்டும், இன்றைக்கு இரண்டு மணிக்கு வந்து எடுத்துப்போவார். உள்ளே வட்டமாக ஒரு வெள்ளைத்தாள், நற்கருணை அப்பத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அதையும் கையால் தொடக்கூடாதாம், இடுக்கியால் எடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார், பார்த்தபோது எனக்கு முட்டி போட வேண்டும் போல இருந்தது. அவ்வளவு பயபக்தியாக வைத்துவிட்டு ஒயரை எங்கே சொருகினார்? மாடியில் இருக்கிற சாதாரண பிளக்கில். கீழே வந்து இடியாப்பம் சாப்பிடும்போது கேட்டேன். “சார், கரண்ட் போனா?” “நிக்கும்மா. வந்தா தானா ஓடும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்.” “கரண்ட் போனாத்தான சார் அந்த ஆலையே ஓடுது.” இடியாப்பத்தைப் பிய்த்த கை அப்படியே நின்றது. “ஆலை ஓடினா கரண்ட் வந்துரும்ல? அப்ப இதுவும் ஓடும்.” “வர்றதுக்கு முந்தி பன்னெண்டு நிமிஷம் இருக்கே சார். அந்தப் பன்னெண்டு நிமிஷந்தான் புகை கறுப்பா வரும். கரண்ட் வரும்போது வெளுத்துரும்.” அவர் என்னைப் பார்த்தார். பிறகு தேங்காய்ப்பாலைப் பார்த்தார். “ஓடின நேரத்துக்கு மட்டுந்தாம்மா நாங்க பார்ப்போம். நின்ன நேரத்தைக் கழிச்சுருவோம்.” கழித்துவிடுவார்களாம். கண்ணை மூடிக்கொண்ட நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உலகத்தில் ஒருத்தனும் திருடனில்லை. எழுந்து கை கழுவும்போது அவரே சொன்னார், “இன்வெர்ட்டர்ல குடுத்தாலும் தப்பில்ல, மிக்ஸி இழுக்கிறதுகூட இழுக்காது. ஆனா அதெல்லாம் யாரு ஏறி இறங்கிப் பார்ப்பா?” யார் பார்ப்பா. ஐம்பது வயசு, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அரசாங்க ஜீப்பு, கேட்கிறார், யார் ஏறி இறங்கிப் பார்ப்பா என்று.

அதற்குள் தரை அதிர்ந்தது. முதலில் பாதத்தில்தான் தெரியும், பிறகுதான் காதுக்கு. எஞ்சின் எழுந்துவிட்டது. இரண்டாம் இரகசியம், கற்றூணில் கட்டி ஆண்டவரை அடித்தார்கள். பள்ளத்தில் அந்தக் குட்டைப் புகைக்குழாயின் வாயிலிருந்து கறுப்பு வருகிறது, புகை என்று சொல்லக்கூடாது அதை, கம்பளியைச் சுருட்டி உள்ளேயிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி வருகிறது, ஏறுகிறது, மலை வரைக்கும் போய்ப் பார்க்கிறது, வழியில்லை என்று தெரிந்ததும் திரும்பி ஊர்மேலேயே குப்புறப் படுத்துக்கொள்கிறது. எரிந்த தார் வாடை, அதற்குள் கெட்டுப்போன முட்டை வாடை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஏ… என்று கத்துகிறார்கள், சந்தோஷமாக. புகை வந்தால் கரண்ட் வரும், அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். இந்த ஊரில் பெண்டுகள் புகையைப் பார்த்துத்தான் அரிசியை மிக்ஸியில் போடுகிறோம், நாலு தெருவில் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்போம், விளக்கு எரிந்த மறு நொடி ஊரே ஒன்றாக அரைக்கும். பதினோரு வருஷம் அந்தக் கறுப்பைப் பார்த்து நானும் ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். ஆண்டவர் என்ன நினைத்திருப்பார்? “மதலேனக்கா! புகை வந்துருச்சு, அரிசியைப் போட்டாச்சா?” கமலவேணி, அடுத்த மாடியில், மூக்கில் முந்தானை. “இன்னிக்கு அரைக்கிறதில்ல வேணி, ஒருசந்தி.” “ஒரு நாள் பூராவுமா?” “ஒரு நேரம் உண்டு.” “எங்க மாமியாருக்கும் உங்க சாமி ஒண்ணு வச்சு விட்டா எவ்வளவு நல்லாருக்கும். காலைல ஏழு தோசைக்கா. எண்ணல, எண்ணக்கூடாது, சும்மா சொல்றேன்.” பிறகு மெஷினைப் பார்த்தாள். “பொட்டி என்ன தூங்குது?” “கரண்ட் இல்லையே.” “அட, அதுக்கும் கரண்ட் வேணுமா! நான் அது புகையைத் தின்னு ஓடும்னுல்ல நினைச்சேன்.” சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருமினாள், இருமிக்கொண்டே மிளகாய் வற்றலைக் கூட்டி அள்ளிக்கொண்டு இறங்கினாள். அவளுக்குத் தோன்றினது எந்த ஆபீஸுக்கும் தோன்றவில்லை. புகையைத் தின்று ஓடினால்தானே அது புகையை அளக்கிற மெஷின்.

விரிப்பை மடிக்கிறேன். மடித்ததையே மறுபடி மடிக்கிறேன். தொடாதே என்று சொல்லியிருக்கிறான். சவரி, என் மகன், ஆலையில் எஞ்சின் ஓட்டுகிறவன். காலையில் சட்டை மாட்டிக்கொண்டே சொன்னான், “அம்மா, அந்த மெஷின் பக்கமே போகாத. கரண்ட் போனாலும் வந்தாலும் நீ தொடாத.” முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, பொத்தானைப் பார்த்துச் சொன்னான். தொடாதே. உயிர்த்தெழுந்த காலையில் ஆண்டவரும் தோட்டத்தில் மதலேன் மரியாளைத் தொடவேண்டாம் என்று தடுத்தார், என் பெயர்க்காரி. அவர் சொல்லலாம், சாவைத் தாண்டி வந்தவர். நீ எதைத் தாண்டி வந்தாய் சவரி? படித்து முடித்து எட்டு வருஷம் சும்மா இருந்தாய், சும்மா இருந்த பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள், அதனால் அவர்கள் சொன்னபடி திருகுகிறாய். அவனேதான் சேர்ந்த புதிதில் எனக்கு விளக்கினான், சோற்றைப் பிசைந்துகொண்டே, பெருமையாக. எண்ணெயைக் காய்ச்சித்தான் வைத்திருப்பார்களாம், எஞ்சின்தான் பச்சைத்தண்ணீராகக் குளிர்ந்து கிடக்குமாம். குளிர்ந்த எஞ்சினை டீசலில் கிளப்ப வேண்டும், சூடான பிறகு வால்வைத் திருப்பிக் கறுப்பெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், அப்படிச் செய்தால் இவ்வளவு கரி வராதாம். “அப்ப ஏண்டா வருது?” “டீசலை மிச்சம் பிடிக்கச் சொல்றார் மேனேஜர். நேரா கறுப்புலயே கிளப்பிருவோம்.” கிளப்பிருவோம். மேனேஜர் அல்ல, கிளப்பிருவோம். அன்றைக்கு நான் என்ன செய்தேன்? ரசம் ஊற்றினேன். இப்போது அவன் கைக்குட்டைகளை நான் துவைக்கிறேன். ஆறு மாசமாக அவனே துவைத்துக்கொள்கிறேன் என்றான், தாயிடம் கைக்குட்டையை மறைக்கிற பிள்ளை உலகத்தில் உண்டா, போன வாரம் அவன் பையிலிருந்து எடுத்தேன். கறுப்பு. சளியில் கறுப்பு, சூடத்தட்டைத் துடைத்த மாதிரி. நீலம் போட்டும் போகவில்லை. கேட்டால் “தூசிம்மா” என்றான். ராத்திரி போர்வைக்குள் தலையை விட்டு இருமுகிறான், எனக்குக் கேட்கக்கூடாதென்று. முப்பத்தொரு வயசு. பாஸ்காத் திருநாள் முடிந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும், பெண் வீட்டில் எல்லாம் பேசியாகிவிட்டது, பிள்ளைக்கு நிலையான உத்தியோகம் என்று சொல்லித்தான் பேசினோம். தாளில் கறுப்பு ஏறினால் அனுமதி நின்றுபோகும், ஆலை நிற்கும், அவன் வீட்டில் நிற்பான், ஓலை நிற்கும். ஏறாவிட்டால் பத்து வருஷம். பத்து வருஷம் அந்தக் குழாய்க்குக் கீழே இவன் நெஞ்சு. எனக்குக் கணக்கு வராது, ஆனால் இது கணக்கே இல்லை, இதற்கு எட்டாவதுகூட வேண்டாம்.

இரண்டாம் பத்தை முடித்தேனா என்று தெரியவில்லை, விரல் எந்த மணியில் நிற்கிறதென்று தெரியவில்லை, நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். மாவு மெஷினுக்குப் போடுகிற நீள ஒயர்ப்பெட்டி கட்டிலுக்கு அடியில். இன்வெர்ட்டரில் ஓடுகிற பிளக் இந்த வீட்டில் ஒன்றே ஒன்று, கூடத்தில், திருஇருதயப் படத்துக்குக் கீழே, அதில்தான் ஆண்டவரின் சிவப்பு விளக்கு. எங்கள் வீட்டில் அது அணையாது. என் வீட்டுக்காரர் இறந்த ராத்திரிகூட எரிந்தது. அதை அணையாமல் வைக்கத்தான் சவரி முதல் சம்பளத்தில் இன்வெர்ட்டர் வாங்கினான். என்ன பக்தி. விளக்கு அணையக்கூடாது, ஊர் அணையலாம். பிடுங்கினேன். படத்தில் முகம் இருண்டது. கொஞ்ச நேரம் இருட்டில் இரும் ஆண்டவரே என்றேன், மரியாதைக் குறைவாகத்தான் இருந்தது, ஆனால் சொல்லிவிட்டேன். ஒயரை அவிழ்த்துக்கொண்டே ஏறினேன், படியில் இரண்டு இடத்தில் சிக்கிக்கொண்டது, ஒயருக்குக்கூட என் பிள்ளைமேல் பாசம். மேலே வந்தபோது கறுப்பு எங்கள் தெருவுக்கு வந்திருந்தது, தொண்டையில் கசந்தது, கண்ணில் நீர். மெஷின் ஒயரை மாற்றிச் சொருகினேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு உறுமிற்று. அந்த வெள்ளைத்தாள் மேல் இப்போது கரி விழுகிறது. மூன்றாம் இரகசியம், முள்முடி. அப்போது போன் அடித்தது, இடுப்பில்.

“அம்மா, மேனேஜர் கேக்கச் சொன்னார். மெஷின் நிக்குதுல்ல?” பொய் சொல்லிப் பழக்கமில்லை, அது ஒன்றும் பெருமையில்லை, சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருந்ததில்லை, அவ்வளவுதான். “ஓடுது” என்றேன். “ஓடுதா? நாங்க இன்னும் கரண்டே குடுக்கலையே.” “இன்வெர்ட்டர்ல போட்டிருக்கேன்.” அந்தப் பக்கம் எஞ்சின் இரைச்சல், அதற்குள் அவன் மூச்சு, பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம், இரைச்சல் குறைந்தது. “பிடுங்கும்மா. சொன்னாக் கேளு. ரெண்டு நிமிஷந்தான் ஆயிருக்கும், இப்பப் பிடுங்கினா ஒண்ணும் தெரியாது. ஓலை வாசிக்கிற நேரத்துல என்னை நடுத்தெருவுல நிறுத்திராதம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்.” புண்ணியம் என்ற இடத்தில் இருமல் வந்துவிட்டது. போனைத் தள்ளிப் பிடித்தான், கையால் மூடினான், இருந்தாலும் கேட்டது, பெட்டிக்குள் யாரையோ போட்டு அடிக்கிற மாதிரி. முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். “நீ அங்க நிறுத்து சவரி, நான் இங்க நிறுத்துறேன்.” “ஊரே இருட்டாயிரும்மா.” “பகல்தான, பதினொண்ணரை மணிக்கு என்ன இருட்டு?” “விளையாடாதம்மா.” “வால்வு யார் கையில இருக்கு?” மறுபடி கேட்டேன். “சவரி, வால்வு யார் கையிலடா இருக்கு?” “மேனேஜர் வெளிய நிக்கிறார்” என்றான், சின்னக் குரலில், பத்து வயசில் கண்ணாடியை உடைத்துவிட்டு வாத்தியார் வெளியே நிற்கிறார் என்று சொன்ன அதே குரலில். “போனை அவர்ட்ட குடு.” வைத்துவிட்டான்.

நான் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மணியை உருட்டவில்லை, குழாயின் வாயையே பார்த்தேன். கறுப்பு. கறுப்பு. கமலவேணி வீட்டுத் தொட்டித் தண்ணீர்மேல் பொட்டுப்பொட்டாக விழுகிறது. கறுப்பு. பிறகு, கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்று முந்தானையால் துடைத்துக்கொண்டு பார்த்தேன், ஓரத்தில் சாம்பலானது, நடுவும் சாம்பலானது, கம்பளி நைந்து நைந்து நூலானது, நூலும் வெளுத்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. பதினோரு வருஷத்தில் கரண்ட் வருவதற்கு முன்னால் அந்தப் புகை வெளுத்து நான் பார்த்ததில்லை. திருப்பிவிட்டான், டீசலுக்கு. இவ்வளவுதானா? ஒரு கைத்திருகு. நாங்கள் சோப்புக்கு நின்றது, வேணி வேனைத் துரத்தினது, பிள்ளைகள் கத்தினது, நான் நன்றி சொன்னது, எல்லாம் இந்த ஒரு கைத்திருகுக்கு இந்தப் பக்கமா? மேனேஜர்மேல் வந்த இளக்காரம், ஆபீஸ்மேல் வந்தது, சாமிமேல் வந்தது எல்லாம் ஒன்றுமில்லை, அடிவயிற்றிலிருந்து இப்போது வருகிறதே இதுதான், என் வயிற்றில் பிறந்தவன்மேல் வருகிறது. முடிந்ததைச் செய்யாமல் இருந்தான். எனக்காகத் திருப்பினானா, இந்தத் தகரப்பெட்டிக்குப் பயந்து திருப்பினானா? பெட்டிக்குத்தான். தாய் சொன்னால் திருப்புகிறவன் ரசம் ஊற்றின அன்றைக்கே, நான் கேட்ட அன்றைக்கே… ஆனால் நான் எங்கே கேட்டேன்? கேட்கவில்லையே. தட்டைப் பார்த்து ஊற்றினேன்.

கரண்ட் வந்தது. கீழே நாலு தெருவிலும் மிக்ஸிகள் ஒன்றாகக் கத்தின. இரண்டு மணிக்குத் துரைக்கண்ணு சார் இடுக்கியோடு வருவார். வெளுத்த புகையில் ஓடின நேரம்தான் தாளில் அதிகம் இருக்கும், அவர் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்பார், அப்படிச் சொல்லத்தான் அவருக்கு ஆசை. விடமாட்டேன். எந்த நேரத்தில் கறுத்தது, எப்போது வெளுத்தது, எதைத் திருப்பினால் வெளுக்கும், அதைத் திருப்பாமல் பதினோரு வருஷம் ஓட்டினவர்கள் யார், இன்றைக்குத் திருப்பினவன் யார், பெயரோடு சொல்வேன், எழுதிக்கொள்ளுங்கள் சார் என்பேன், எழுதின பேனாவைப் பையில் வைப்பதற்கு முன்னால் வாசித்துக் காட்டச் சொல்வேன். வேலை போகும். சவரி மூன்று மணிக்கு வருவான், தட்டைத் தள்ளிவிட்டுப் பேசாமல் எழுந்து போவான். போகட்டும். இருமாமல் போகட்டும்.